வெயில் படாத நாலடி

அந்தக் கட்டடத்தில் பதினொரு வீடுகள். ஆண்டுக்கொரு முறை குடியிருப்போர் கூட்டம் நடக்கும். வீட்டுக்கு ஒரு கை என்பது அங்கே சட்டம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், எவ்வளவு கத்தினாலும், எண்ணப்படுவது ஒரே ஒரு கைதான். கட்டடத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் சந்தில் சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்தலாமா என்று செயலாளர் கேட்டபோது ஐந்து கைகள் சட்டென்று உயர்ந்தன. ஐந்து வீடுகள் வேண்டாம் என்று தலையாட்டின. மிச்சம் இருந்தது தரைத்தளத்துப் பின்வீடு. அந்த வீட்டின் கை டைலரம்மாவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தது. முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கை. அது கியர் மாற்றுவதைப் போல, அவசரமில்லாமல், மேலே போயிற்று.

டைலரம்மா தன் கணவரின் கையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்து நாலடி அகலம், முப்பதடி நீளம். ஒரு பக்கம் கட்டடம், மறுபக்கம் பக்கத்துக் கிடங்கின் இரண்டு மாடி உயரச் சுவர். சூரியன் வருடத்தில் ஒருநாள் கூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை. டைலரம்மா பள்ளிச் சீருடை தைக்கும் அறையின் ஒரே ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறந்தது. அரை மணிக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் பச்சையாக எதையாவது பாருங்கள், இல்லையென்றால் ஊசிக்கண் இரண்டாகத் தெரியும் என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். அவளும் அரை மணிக்கு ஒருமுறை ஒழுங்காகத் தலையைத் தூக்கினாள். தெரிந்தது மழைநீர் வழிந்து கறுத்த கிடங்குச் சுவர். மூன்று வருடத்தில் நாலு முறை அங்கே ஏதேதோ நட்டுப் பார்த்தாள். ரோஜா ஒரு மொட்டோடு நின்றுவிட்டது. சாமந்தி நீளமாக, வெளுத்துப்போய், நோயாளி மாதிரி வளர்ந்து சாய்ந்தது. கொடி ஏறவே இல்லை. புல் பாசியாயிற்று.

“ஆறுக்கு அஞ்சு,” என்று செயலாளர் எழுதப் போனார். வங்கியில் அதிகாரியாக இருந்தவர். எதையும் எழுதினால்தான் நடந்ததாக நம்புவார்.

டைலரம்மா எழுந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்றிவைக்க மறந்து வந்திருந்தாள்.

“எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சார். சிமெண்ட் வேலைக்குப் பணம் அடுத்த வருஷம்தானே ஒதுக்குவீங்க? அதுவரைக்கும் அந்த இடம் எங்கிட்ட இருக்கட்டும். பன்னெண்டு செடி வைக்கறேன். அடுத்த கூட்டத்துல வந்து எண்ணுங்க. பத்துச் செடியாச்சும் உசுரோட நின்னா மறுபடி கை தூக்கச் சொல்லிக் கேளுங்க. நிக்கலைன்னா நானே சிமெண்ட் குழைச்சுத் தர்றேன்.”

“அங்க காளான்தான்மா வளரும்,” என்றார் இரண்டாம் மாடிக்காரர். சிரிப்பு எழுந்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே, பன்னிரண்டு, பத்து என்ற எண்களோடு, குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் டைலரம்மா கணவரோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் வீடு ஊமையாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சாப்பாடு மேஜையில் இருக்கிறது என்று தையல் இயந்திரத்திடம் சொன்னாள். மின்கட்டணம் கட்ட இன்றுதான் கடைசி நாள் என்று சுவர்க் கடிகாரத்துக்குத் தெரிவித்தாள். அவரும் சளைத்தவரல்ல. சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டது என்று சட்டையிடமே முறையிட்டுவிட்டு அதை இயந்திரத்தின் மேல் போட்டுவிட்டுப் போவார். மாலையில் பொத்தான் இருக்கும். தொலைபேசியில் மகள், “ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?” என்று சலித்துக்கொண்டாள். டைலரம்மா மசியவில்லை. கோபம் கையை உயர்த்தியதற்காகக்கூட இல்லை. ஒரு வார்த்தை கேட்காமல் உயர்த்தினாரே, அதற்கு.

செடி தேடி மூன்று நர்சரி ஏறி இறங்கினாள். இரண்டில் பூச்செடிகளைக் காட்டி, வெயில் இல்லையென்றதும் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது நர்சரியை நடத்தியவள் ஒரு பெண். கணுக்கால் வரை மண். இடத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்டாள். காற்று வருமா, தண்ணீர் தேங்குமா, எந்தச் சுவர் ஈரம் என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பின்பக்கம் கூரைக்கடியில் இருட்டில் வைத்திருந்த தொட்டிகளிடம் கூட்டிப்போனாள். முழங்கால் உயரச் செடிகள். உள்ளங்கையை விட நீளமான, தோல் போலத் தடித்த, பளபளக்கும் கரும்பச்சை இலைகள். அவற்றின் மேல் மஞ்சள் சாயத்தை விரலால் சுண்டித் தெளித்ததுபோல் புள்ளிகள்.

“ஆக்குபான்னு பேரு. வருஷம் பூரா இலை உதிர்க்காது. வெயில் பட்டாத்தான் கருகும், நிழல்னா குஷியாயிடும். ஆனா அவசரப்படாது. வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தா பெருசு. நீங்க பொறுமைசாலியா?”

“ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைக்கெல்லாம் பொத்தான் காஜா எடுக்கறவ நான்,” என்றாள் டைலரம்மா.

வேர் பிடிக்கும்வரை முதல் மாதம் தினமும் தண்ணீர், பிறகு மண்ணில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்று, மண்ணின் மேல் காய்ந்த இலை பரப்பு என்று நர்சரிக்காரி சொல்லியனுப்பினாள். முதல் பாதி டைலரம்மாவின் மனதில் நன்றாகப் பதிந்தது. நடுவில் இருந்தது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று.

சுவரோரம் தையல் சாக்கட்டியால் கோடு போட்டாள். நாடாவைப் பிடித்து இரண்டரை அடிக்கு ஒரு குழி குறித்தாள். பழைய கட்டுமானக் கல்லையும் ஓட்டுச் சில்லையும் பொறுக்கி எடுத்து, புது மண்ணும் மக்கிய எருவும் போட்டு, மூன்று நாளில் பன்னிரண்டு செடிகளையும் நட்டு முடித்தாள். நிமிர்ந்தபோது முதுகு நிமிர மறுத்தது. காய்ந்த இலைக்கு எங்கே போவது? மரமே இல்லாத தெரு. துணிக்கோ பஞ்சமில்லை. வெட்டும்போது விழுந்த பருத்தித் துண்டுகளை, நீலமும் வெள்ளையுமாக, ஒவ்வொரு செடியின் காலடியிலும் பரப்பினாள்.

கட்டடமே ஆளுக்கொரு முறை வந்து பார்த்தது. “இதுக்கு என்ன, அம்மை போட்டிருக்கா?” என்றார் இரண்டாம் மாடிக்காரர், இலைப் புள்ளிகளைக் காட்டி. மொட்டை மாடி வீட்டு டீச்சர் கீழே கிடந்த துணியைப் பார்த்துவிட்டு, செடிக்கும் யூனிஃபார்மா என்று கேட்டார். டைலரம்மா எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். ஜன்னலுக்குத் திரும்பி வந்து தலையைத் தூக்கினாள். கறுத்த சுவருக்கு முன்னால் பன்னிரண்டு பச்சை. இயந்திரத்தை மிதிக்கும் கால் தானாக வேகம் எடுத்தது.

மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் மாதக் கடைசியில் அவள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாள். எழுந்து வந்து பார்த்தபோது செடிகள் நன்றாகவே இருந்தன. என் குணம் இதுகளுக்கும் வந்துவிட்டது, கெட்டி என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம் மூன்றாவது செடி தலையைத் தொங்கப்போட்டது. இலை நுனி மை தொட்டதுபோல் கறுத்தது. தாகம் என்று முடிவு செய்து, இரண்டு குவளை ஊற்றிய இடத்தில் மூன்று ஊற்றினாள். பத்து நாளில் அது செத்தது. அடுத்து ஏழாவது, எட்டாவது. தினமும் விடியும்போது போய், காலடித் துணியை விரலால் தொட்டுப் பார்ப்பாள். இஸ்திரி போட்ட துணியில் ஈரம் இருக்கிறதா என்று நாற்பது வருடமாகத் தொட்டுப் பார்த்த விரல், பொய் சொல்லாது. துணி உலர்ந்திருந்தது. அந்தச் சந்தில் காற்று குழாய்க்குள் போவதுபோல் ஓடும். உலர்ந்திருக்கிறதே என்று மறுபடி ஊற்றினாள். ஏழாம் மாதம் பதினோராவதும் போயிற்று. பன்னிரண்டில் நாலு போனால் எட்டு. பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது இவள்தான்.

வழியில் பார்த்த செயலாளர், குத்தலில்லாமல்தான், “மண்ணு சரியில்லைம்மா. உங்க தப்பில்ல,” என்றார். அந்த ஆறுதலுக்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

“இன்னும் அஞ்சு மாசம் இருக்கு சார்,” என்று மட்டும் சொன்னாள்.

மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை அவள் பள்ளிகளுக்குப் போவது வழக்கம். அளவெடுப்பதும், தைத்ததைக் கொடுப்பதும். அன்று தெருமுனை வரை போனவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். நாடா இல்லை. காலையில் எட்டாவது செடியின் இடத்தை அளந்தபோது சந்திலேயே போட்டுவிட்டிருக்கிறாள். நாடா இல்லாத டைலர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. திரும்பி வந்தாள்.

சந்தில் ஒரு வாளி இருந்தது. வாளிக்குப் பக்கத்தில், சரியாக மடங்காத முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, அவள் கணவர் குனிந்திருந்தார். ஐந்தாவது செடியின் காலடித் துணியை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்பது மறக்காதபடி வரிசையாகத் தரையில் வைத்தார். குவளையில் மொண்டு ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு துணிகளை இருந்த இடத்திலேயே, நீலம் நீலமாக, வெள்ளை வெள்ளையாக, பரப்பினார்.

“குடி,” என்றார் செடியிடம். “நீயாவது என்கூடப் பேசு. இல்லன்னாலும் பரவால்ல, செத்து மட்டும் போயிடாத. அப்புறம் அவ கடிகாரத்துகிட்டகூடப் பேச மாட்டா.”

டைலரம்மா அப்படியே நின்றாள். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. விடியற்காலை நான் மூன்று. மதியம் இவர் மூன்று. வெயிலே படாத மண். அவள் வேகமாக நடந்து வந்து, எதிரே மண்டியிட்டு, துணியை ஒதுக்கி விரலை மண்ணுக்குள் விட்டாள். இரண்டு கணுவுக்குப் போக வேண்டியதே இல்லை. முதல் கணுவிலேயே சேறு. விரலை எடுத்து முகர்ந்தாள். அடைத்துக்கொண்ட சாக்கடையின் வாடை.

“எத்தனை நாளா?” என்றாள்.

அவர் குவளையோடு சுற்றுமுற்றும் பார்த்தார். கேள்வி யாருக்கு என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“எங்கிட்டயா கேக்கற?”

“இங்க வேற கடிகாரம் இருக்கா?”

காய்ச்சல் வந்த அன்று தொடங்கியது என்றார். அவள் படுத்திருந்தாள், செடிகள் காய்ந்துவிடுமே என்று ஊற்றினார். அவள் எழுந்த பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. செடி வாட ஆரம்பித்ததும், அவள் ஊற்றுவது போதவில்லை போல என்று ஒரு குவளை கூட்டினார். அவளும் அதே நாளில், அதே காரணத்துக்காக, ஒரு குவளை கூட்டியதைச் சொன்னாள்.

“அளவுக்கு மிஞ்சினா…” என்று அவர் ஆரம்பித்தார்.

“தெரியும். சொல்ல வேணாம்.” விரலில் இருந்த சேற்றைச் சுவரில் துடைத்தாள். “அன்னைக்கு ஏன் கை தூக்கினீங்க?”

அவர் குவளையை வாளிக்குள் போட்டார். அது மிதந்தது.

“நாலு தடவ வச்ச. நாலு தடவயும் செத்துச்சு. ஒவ்வொரு தடவயும் ரெண்டு நாள் நீ சரியா சாப்பிடல. மூடிட்டா இந்த ஆசையும் ஓஞ்சிடும், நிம்மதின்னு நெனச்சேன்.”

“யாருக்கு நிம்மதி?”

அவர் மிதந்த குவளையை விரலால் தண்ணீருக்குள் அமுக்கினார்.

“என்னக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருக்கலாம்,” என்று ஒப்புக்கொண்டார்.

அன்று அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. செத்த நாலையும் பிடுங்கினார்கள். வேர் கறுத்து, விரலால் உருவினால் தோல் தனியாகக் கழன்று வந்தது. நர்சரிக்காரியிடம் ஒரு வேரைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினாள். அவள் பார்த்ததும், “முழுகடிச்சிட்டீங்களே அக்கா. அழுகின வேரு தண்ணி உறிஞ்சாது, அதான் வாடுது. நீங்க தாகம்னு நெனச்சு இன்னும் ஊத்தறீங்க,” என்றாள். புதுச் செடி இப்போது கைவசம் இல்லை, வர அடுத்த வருடம் ஆகும் என்றாள். டைலரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கிற செடியிலிருந்தே கிளை வெட்டி வைக்கலாம், ஆக்குபா எளிதாக வேர் விடும், ஆனால் இரண்டு மாதமாவது தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும் என்றாள்.

அடுத்த ஒரு வாரம் இருவரும் அந்தச் சந்திலேயே கிடந்தார்கள். எட்டுச் செடிகளையும் மண்ணோடு தூக்கி, கறுத்த வேர்களைத் துணி வெட்டும் கத்தரியால் நறுக்கி, அடியில் உடைந்த செங்கல்லும் மணலும் நிரப்பி, தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே வரப்பு கட்டி மறுபடி நட்டார்கள். அந்தக் கத்தரியை மண்ணில் வைப்பது டைலரம்மாவுக்குக் கையை வெட்டிக்கொள்வது மாதிரி இருந்தது. துணி தவிர வேறெதையும் அதற்குக் காட்டியதில்லை. ஆரோக்கியமான கிளைகளிலிருந்து ஆறு துண்டு எடுத்தாள். கீழ் இலைகளைக் களைந்து, மீந்த பெரிய இலைகளைப் பாதியாக நேராக வெட்டி, வெட்டிய தண்ணீர்ப் புட்டிகளில் மணல் கலந்த மண்ணில் செருகி, ஜன்னல் நிழலில் வரிசையாக வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஒன்றும் செய்யாமல் இருக்கும் வேலை. விடிந்ததும் கால் தானாகச் சந்துக்குப் போகும். கை குவளையைத் தேடும். இரண்டு செடி இன்னும் தலை தொங்கித்தான் நின்றன. அதைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றாமல் திரும்புவது, அழும் குழந்தையைத் தாண்டிப் போவதுபோல் இருந்தது.

“வண்டி ஓட்டறதுல பாதி பிரேக்தான்,” என்றார் கணவர். “ஆக்ஸிலேட்டர யார் வேணா மிதிப்பான்.”

அவருக்கும் பிரேக் பிடிக்கவில்லை என்பது நாலாம் நாள் தெரிந்தது. வாளியோடு வாசலில் பிடிபட்டார். அன்று அவள் குவளையின் காதில் நூல் கோத்து, சமையலறை ஆணியில் ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அவிழ்ப்பதென்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவிழ்ப்பது, அதற்கு முன் இரண்டு பேரும் தனித்தனியாக மண்ணில் விரல் விட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முதல் முறை அவிழ்த்தது பதினெட்டாம் நாள்.

ஆறு துண்டில் இரண்டு கறுத்தன. நாலு நின்றன. பத்தாம் மாதம் அவற்றைப் புட்டியோடு எடுத்துப்போய், பிளாஸ்டிக்கை வெட்டி, மண் உதிராமல் காலி இடங்களில் இறக்கினாள். தலை தொங்கிய இரண்டும் இலை உதிர்த்து, குச்சியாய் நின்று, ஒருநாள் கணுவில் பச்சையாக ஒரு அரிசி அளவு முளையைத் தள்ளின. அவள் அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டியதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்தாள்.

கூட்டத்தன்று செயலாளர் குறிப்பேட்டோடு சந்துக்கு வந்தார். பின்னால் கட்டடமே வந்தது. ஒவ்வொரு செடியாக எண்ணிக் கோடு போட்டார். பழைய எட்டையும் எண்ணி முடித்ததும் நின்றார். நாலு புதுச் செடிகளும் ஒரு சாண்தான்; பாதி வெட்டிய இலையோடு, பார்க்க அவ்வளவு லட்சணமில்லை.

“டைலரம்மா, இது செடி இல்ல. குச்சி,” என்றார். “நட்டு வச்ச குச்சிய எண்ணினா நாளைக்கு எல்லாரும் என்னைக் கேப்பாங்க.”

நியாயம்தான். அவள் கோபப்படவில்லை.

“இழுத்துப் பாருங்க சார்.”

“என்னது?”

“குச்சின்னா கையோட வந்துடும். வந்துட்டா எண்ண வேணாம்.”

செயலாளர் குறிப்பேட்டை இரண்டாம் மாடிக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். இரண்டு விரலால் தண்டைப் பிடித்து, முதலில் மரியாதையாக, பிறகு கொஞ்சம் அழுத்தமாகவே இழுத்தார். டைலரம்மா தன் நாடாவின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். பாதி இலை நடுங்கியது. மண் அசையவில்லை. அவர் அடுத்ததையும் இழுத்தார், அதற்கடுத்ததையும். நாலாவதை இழுக்கவில்லை. விரலைத் தட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்து, “பன்னெண்டு,” என்று எழுதினார்.

எல்லோரும் கூட்டத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி கை தூக்கச் சொன்னார். இரண்டாம் மாடிக்காரரின் கை மாறவில்லை. போன வருடம் சிமெண்ட் வேண்டாம் என்ற முதல் மாடிக்காரர் இந்த வருடம் ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். வேண்டும் என்று தூக்கினார். போன வருடம் வேண்டும் என்ற மொட்டை மாடி டீச்சர், துணி காயப்போடும்போது கீழே பார்க்க நன்றாக இருக்கிறது என்று சொல்லி இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஆக, சிமெண்டுக்கு ஐந்து கை. செடிக்கு ஐந்து கை. எல்லோரும் தரைத்தளத்துப் பின்வீட்டைப் பார்த்தார்கள்.

அவள் கணவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுக்கு ஒரு கைன்னுதானே சட்டம்? யாரு கைன்னு எழுதலையே,” என்றார் செயலாளரிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி, “நீ தூக்கு,” என்றார்.

டைலரம்மா தூக்கினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள் ஐந்தும் விரிந்திருந்தன. செயலாளர் எழுதி முடிக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் சந்துக்குப் போனாள். ஐந்தாவது செடியின் காலடியில் நீலத் துண்டை ஒதுக்கி விரலை விட்டாள். இரண்டு கணு. உலர்ந்த மண் விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. மற்ற செடிகளிலும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கணவர் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை.

“நீங்களும் ஒரு தடவ விரல் வச்சுப் பாத்துட்டு வாங்க,” என்றாள் அவரிடம். “சரின்னா இன்னைக்கு ஊத்தலாம்.”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அவள் ஆணியருகே நின்று, முடிச்சின் ஒரு முனையை மட்டும் அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.